வரப்பில் சிந்திய விதை நெல்

கல்லிடைக்குறிச்சி,
கார்த்திகை 4.

அன்புள்ள மகன் இசக்கிமுத்துவுக்கு அப்பா எழுதுவது.

தொலைபேசியில் சொன்னால் பாதியிலேயே விமானச் சீட்டுத் தேடத் தொடங்கிவிடுவாய் என்பதால் கடிதமாக எழுதுகிறேன்.

சென்ற ஆண்டு ஆவணியில், என் கல்லீரலின் விளிம்பில் இருந்த இரண்டரை சென்டிமீட்டர் கட்டியை, விலா எலும்புகளுக்கிடையே ஊசியைச் செலுத்தி ரேடியோ அலை வெப்பத்தால் சுட்டு அழித்தார்கள் அல்லவா? அந்த இடம் இன்றும் சுத்தமாகவே இருக்கிறது, சி.டி. ஸ்கேனில் அங்கே இரத்த ஓட்டமே இல்லை. ஆயினும் ஈரல் புற்றைக் காட்டிக்கொடுக்கும் ஏ.எஃப்.பி. என்ற புரதத்தின், இரத்தத்தில் இறங்கியிருந்த அளவு ஆனியிலிருந்து மெல்ல ஏறியது. ஈரலுக்குள்ளேயே காரணத்தைத் தேடிக்கொண்டிருந்தபோது, அது வெளியே இருந்தது. தாமிரபரணியில் குளித்துவிட்டு வந்த ஒரு நாள், ஊசித் தழும்புக்கடியில் நெல்லிக்காய் அளவில் ஏதோ தட்டுப்படுவதை உன் அம்மாதான் கண்டாள். கொழுப்புக் கட்டி என்று இரண்டு மாதம் தட்டிக் கழித்தது என் பிழை.

ஊசியை வெளியே எடுக்கும்போது ஒட்டிவந்த புற்றணுக்கள் வழியிலுள்ள தசையில் தங்கி வளர்ந்திருக்கின்றன என்றார் மருத்துவர். நாற்றங்காலுக்குச் சுமந்து போகும் விதை நெல் வரப்பில் சிந்தி முளைப்பதை நீ பார்த்திருக்கிறாய். இது அபூர்வம்தான், கட்டி ஈரலின் மேற்பரப்பை ஒட்டியிருந்தால் வாய்ப்புச் சற்றுக் கூடுதலாம். இதைத் தடுக்கவே ஊசி வந்த வழியையும் சுட்டுக்கொண்டே எடுப்பார்கள். எனக்கும் அப்படித்தான் செய்தார்கள். ஆகவே யாரையும் குறை சொல்லாதே. அடுத்த வாரம் சுற்றியுள்ள தசையோடு வெட்டியெடுக்கிறார்கள், சித்தப்பா உடனிருப்பார். வேறெங்கும் பரவியதாக ஸ்கேனில் தெரியவில்லை.

ஈரல் நோய் என்றாலே குடி என்று நினைக்கும் ஊர் இது. உன் பெரியப்பாகூட ஜாடையாகக் கேட்டுவிட்டார். ஒரு சொட்டும் தொடாத எனக்கு இது, இரத்தத்தின் வழியே தொற்றும் ஹெபடைடிஸ் பி கிருமியால் வந்தது. அந்தத் தடுப்பூசி நாடு முழுவதும் குழந்தைகளுக்கான அரசுத் திட்டத்தில் வந்ததே 2011-இல்தான்; நீ பிறந்தது 1988. கல்லூரி நாட்களில் என் சவரக் கத்தியையே நீயும் எடுத்துக்கொள்வாய், நானும் அதைப் பெரிதாக எண்ணியதில்லை. அம்மாவுக்குப் பரிசோதித்தாயிற்று, கிருமி இல்லை. நீ இந்த வாரமே, அந்தக் கிருமி இருக்கிறதா என்று பார்க்கும் எச்.பி.எஸ்.ஏ.ஜி. இரத்தப் பரிசோதனை செய்து, முடிவைப் படமெடுத்து எனக்கு அனுப்பு. அதைப் பார்த்துவிட்டு அறுவைக்குப் போகிறேன்.

அன்புடன்,
அப்பா