ஆள் கிடைக்காத காலம்

அன்புள்ள சண்முகம்,

உன் கடிதம் சனிக்கிழமை வந்தது. தங்கச்சிக்கு முழங்கால் வலி குறைந்து கோயில் வரை நடந்து போய் வருகிறாள் என்று படித்ததும் மனசு லேசானது. இங்கே எல்லோரும் சுகம். பேத்தி எழுத்துக்கூட்டிப் படிக்க ஆரம்பித்துவிட்டாள்.

நீ எழுதிய ஒரு வரிதான் நாலு நாளாக என்னை விடவில்லை. "நடவுக்கு ஆள் இல்லை, வருகிறவர்களும் கேட்கிற கூலி கட்டவில்லை, அரசாங்கம் ஒரு வரம்பு வைக்கக் கூடாதா" என்று கேட்டிருந்தாய். அந்த வரம்பை இங்கிலாந்தில் வைத்துப் பார்த்திருக்கிறார்கள், சண்முகம்.

1348இல் டார்செட் கரையில் கொள்ளைநோய் இறங்கியது. இரண்டு வருஷத்துக்குள் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் சனம் போய்விட்டது. கதிர் நின்றது, அறுக்க ஆள் இல்லை. பிழைத்தவர்கள் கூலியை உயர்த்திக் கேட்டார்கள். 1349லேயே மூன்றாம் எட்வர்ட் மன்னரின் ஆணை வந்தது: நிலமோ தொழிலோ இல்லாத, அறுபது வயதுக்குட்பட்ட யாராக இருந்தாலும் கூப்பிட்ட வேலைக்குப் போக வேண்டும், கூலி, நோய்க்கு முந்தைய கூலிதான். 1351இல் பார்லிமென்ட் அதைச் சட்டமாகவே ஆக்கியது. ஆகஸ்ட் முதல் வாரம் அறுப்புக்கு நாளுக்கு 2 பென்னி, அப்புறம் 3 பென்னி. கீழ்ப்படியாதவர்களை மாட்டிவைக்க ஊர்தோறும் தொழுமரம்.

ஆனாலும் கூலி ஏறியது. தன் கதிர் உதிர்வதைப் பார்த்த நிலக்காரரே சட்டத்தை மீறிக் கேட்டதைக் கொடுத்தார். 1381இல் தலைக்கு 12 பென்னி வரி வந்தபோது எசெக்ஸ், கென்ட் பகுதிச் சனங்கள் கிளர்ந்தெழுந்தார்கள். பண்ணையடிமைகளின் பெயரும் கடமையும் எழுதியிருந்த ஏடுகளைத் தேடித்தேடிக் கொளுத்தினார்கள். அவர்களின் தலைவன் வாட் டைலரை மன்னரின் ஆட்கள் கொன்றார்கள். பண்ணையடிமை முறையை ஒழிப்பதாகக் கொடுத்த வாக்குறுதியை 14 வயது மன்னர் ரிச்சர்ட் திரும்பப் பெற்றுக்கொண்டார். அப்படியும் அடுத்த நூறு வருஷத்தில் அங்கே பண்ணையடிமை முறை தேய்ந்து போனது.

என்னைத் தூங்கவிடாதது இதற்கு அடுத்த கதை. ஜெர்மனியில் ஓடும் எல்பே நதிக்குக் கிழக்கேயும் ஆள் குறைவுதான். அங்கே நேர்மாறாக நடந்தது. தான்சிக் துறைமுகம் வழியாக மேற்கே தானியம் விற்றுக் காசு பார்த்த போலந்துப் பிரபுக்கள் குடியானவனை நிலத்தோடு கட்டிப்போட்டார்கள். 1520இல் வாரத்துக்கு ஒரு நாள் கூலியில்லா வேலை என்று சட்டம் வந்தது. பிறகு நாட்கள் கூடிக்கொண்டே போயின. ரஷ்யாவில் 1649 சட்டப்படி, ஓடிப்போனவனை எத்தனை வருஷம் கழித்தும் பிடித்து வரலாம். அந்தக் கட்டு அவிழ 1861 ஆனது.

அதே தட்டுப்பாடு, இரண்டு விதமான முடிவு. காரணம் பற்றி அறிஞர்கள் இன்னும் வாதாடுகிறார்கள். எனக்குப் படுவது இதுதான்: வேண்டாம் என்று எழுந்து போக ஓர் இடம் இருந்ததா இல்லையா என்பதே எல்லாவற்றையும் தீர்மானித்தது. கிழக்கே நகரங்கள் வலுவிழந்து கிடந்தன, அரசும் பிரபுக்களின் பக்கம் நின்றது.

உன் அப்பா களத்தில் மரக்காலால் கூலி நெல் அளந்ததை நாம் திண்ணையிலிருந்து பார்த்திருக்கிறோம். அளவு குறைந்தால்கூட யாரும் வாய் திறந்ததில்லை. அன்று கூலி வாங்கியவர்களின் பேரன் இன்று திருப்பூருக்குப் பஸ் ஏறுகிறான். அந்தப் பஸ்ஸை நிறுத்தச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

உன் கஷ்டமும் பொய்யில்லை. விற்கிற நெல்லில் போட்ட காசு தேறவில்லை என்றால் நெல் விலைக்காகக் கேள், நானும் கூட வந்து நிற்கிறேன்.

தை அறுப்புக்கு வருகிறேன். தங்கச்சியிடம் சொல்லிவை.

அன்புடன்,
ராமு