உபரி பட்டன் உண்டு, உபரி ரன்னர் எங்கே?

ஆசிரியருக்கு வணக்கம்.

புதுச் சட்டை வாங்கினால் உள்தையலில் ஒரு உபரி பட்டன் இருக்கிறது. பையின் ஜிப்புக்கு ஏன் ஒரு உபரி ரன்னர் (ஜிப்பைத் திறக்கவும் மூடவும் இழுக்கிறோமே, அந்தச் சின்னத் துண்டு) தருவதில்லை?

என் மகளின் புத்தகப் பை வாயைப் பிளந்துகொண்டது. ரன்னர் முன்னே ஓட, பின்னாலேயே பற்கள் பிரிந்தன. 'ஜிப் போச்சு, வேற பை வாங்கிடலாம்' என்று வீட்டில் தீர்ப்பாகிவிட்டது. துணியில் ஒரு நூல்கூட விடவில்லை. கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்த்தேன். பற்களும் ஒழுங்காகத்தான் இருந்தன. ரன்னர்தான் ஓடி ஓடித் தேய்ந்து, மேல் தகட்டுக்கும் கீழ்த் தகட்டுக்கும் நடுவே இடைவெளி கூடியிருந்தது. பற்களை அழுத்திக் கோக்க அதனிடம் தெம்பில்லை.

ரன்னரை ஜிப்பின் தொடக்கத்துக்குக் கொண்டுவந்து, அதன் பின்பக்க விளிம்புகளை கட்டிங் பிளேயரால் இடமும் வலமும் மாற்றி மாற்றி லேசாக அழுத்தினேன். லேசாக என்றால் லேசாகத்தான். முன்பு வேறொரு பையில் பலத்தைக் காட்டி ரன்னரை இரண்டாக்கியவன் நான். பல ரன்னர்கள் வார்ப்பு உலோகம், வளைவதற்குள் முறிந்துவிடும். ஓட்டம் இறுகியதால் பற்கள்மேல் பென்சில் முனையைத் தேய்த்தேன். மூன்று வாரம் தாங்கியது.

அப்புறம் புது ரன்னர் தேட வேண்டியதாயிற்று. ரன்னரின் அடியில் பெரும்பாலும் 3, 5, 8, 10 என்று ஒரு எண் இருக்கும். கோத்த பற்களின் அகலம், தோராயமாக மில்லிமீட்டரில். அந்த எண்ணை மட்டும் நம்பி வாங்கி ஏமாந்தேன். நைலான் சுருள் ஜிப்பா, உலோகப் பல்லா, வார்த்த பிளாஸ்டிக் பல்லா என்பதும் பொருந்த வேண்டும். உலோக ஜிப்புக்கான 5-ஆம் எண் ரன்னர், என் மகளின் 5-ஆம் எண் சுருள் ஜிப்பில் ஏறவே இல்லை.

இன்றைய ஜிப்பின் அடிப்படை வடிவத்தை கிடியோன் சண்ட்பேக் உருவாக்கியது 1913-இல். நூறு வருஷத்துக்கு மேலாகிவிட்டது. தேய்வது பெரும்பாலும் ரன்னர்தான் என்பது பை தயாரிப்பவர்களுக்குத் தெரியாமலா இருக்கும்? உள்பாக்கெட்டில் ஒரு ரன்னரும், அதன் எண்ணும் வகையும் அச்சிட்ட சீட்டும் போட்டுத் தரட்டும்.

இன்னொன்று. ஜிப்பின் இரண்டு முனைகளையும் தையலுக்குள் புதைத்துவிடுகிறார்கள். சரியான ரன்னர் கிடைத்த பிறகும், விரல் நீளத் தையலைப் பிரித்து மறுபடி தைக்க எனக்கு ஒரு சாயங்காலம் போயிற்று. ஒரு முனையையாவது வெளியே விட்டு வைக்கலாம்.

– ஒரு வாசகர்