தேடுசொல் எண்ணிக்கையைப் பணிக்குறிப்பிலிருந்து நீக்குங்கள்

இணையதளங்களுக்குக் கட்டுரை எழுதி வாங்கும் நிறுவனங்களின் உள்ளடக்கப் பொறுப்பாளர்களுக்கு,

வணக்கம். நீங்கள் எழுத்தாளர்களுக்கு அனுப்பும் பணிக்குறிப்புகளில் தலைப்பு, சொல்லளவு, காலக்கெடு ஆகியவற்றுக்கு அடுத்தபடியாக ஒரு வரி தவறாமல் இடம்பெறுகிறது: கொடுக்கப்பட்ட தேடுசொல், அதாவது கூகுள் போன்ற தேடுபொறியில் மக்கள் எழுதித் தேடும் தொடர், இத்தனை முறை, ஓர் எழுத்தும் மாறாமல், கட்டுரைக்குள் வர வேண்டும். அந்த ஒரு வரியை நீக்கும்படி கேட்பதற்காகவே இம்மடலை எழுதுகிறேன். தேடுசொல் வேண்டும் என்பதில் எனக்கு மறுப்பில்லை. அது எங்கே, எத்தனை முறை வர வேண்டும் என்பதை எண்ணிக்கைக் கட்டளையால் முடிவு செய்வதுதான் தவறு என்கிறேன்.

'முதுகு வலி சிகிச்சை' என்ற தேடுசொல்லை 12 முறை கேட்கும் ஒரு குறிப்பை எடுத்துக்கொள்வோம். அதை நிறைவேற்ற முனையும் எழுத்தாளர், 'முதுகு வலி சிகிச்சை தேடுபவர்கள் முதுகு வலி சிகிச்சை பெறும் முன் முதுகு வலி சிகிச்சை பற்றி அறிய வேண்டும்' என்பது போன்ற வாக்கியத்தில்தான் போய் நிற்பார். முதுகு வலிக்கு, வலியால், வலித்தால், வலியோடு என்று வேற்றுமையும் வினையும் ஏற்று மாறிக்கொண்டே போவது தமிழின் இயல்பு. உருபு ஒட்டாத ஒரு தொடரை அப்படியே திரும்பத் திரும்பச் செருகச் சொன்னால், இலக்கணத்தை உடைத்துத்தான் அதைச் செய்ய முடியும். தேடுகிறவரும் அந்த ஒரே வடிவில் தேடுவதில்லை. 'குனிந்தால் முதுகு வலிக்கிறது' என்றும் 'இடுப்புக்கு மேல் வலி' என்றும் எழுதுகிறார்.

இதைவிடப் பெரிய இழப்பு ஒன்று உண்டு. முதுகு வலியோடு கால் வலுவிழந்தாலோ, சிறுநீரைக் கட்டுப்படுத்த முடியாமல் போனாலோ உடனே மருத்துவரிடம் செல்ல வேண்டும் என்பது அக்கட்டுரையின் முதல் பத்தியிலேயே இருக்க வேண்டிய செய்தி. எண்ணிக்கையை நிரப்பும் அவசரத்தில் முதல் மூன்று பத்திகளும் தேடுசொல்லைச் சுமக்கும் வெற்று அறிமுகமாகிவிட, அந்த எச்சரிக்கை யாரும் எட்டாத ஆழத்துக்குத் தள்ளப்படுகிறது, அல்லது சொல்லளவு முடிந்துவிட்டது என்று விடுபட்டே போகிறது. வலியோடு வந்தவருக்கு அந்தப் பக்கத்தால் என்ன பயன்?

தேடல் முடிவுகளில் பக்கம் மேலே வரும் தரவரிசைக்காகத்தான் இதெல்லாம் என்று நீங்கள் கூறலாம். அந்தக் கணக்கும் பழையது. 1990களின் தேடுபொறிகள் பக்கத்தில் உள்ள சொற்களையே பெரிதும் நம்பியிருந்ததால், வெள்ளைப் பின்னணியில் வெள்ளை எழுத்தாகச் சொற்களை ஒளித்துவைக்கும் தந்திரங்கள் அப்போது எடுபட்டன. ஆனால் திரும்ப வரும் சொல்லுக்கு அளவின்றி மதிப்பெண் தரக்கூடாது என்பதைத் தகவல் தேடல் ஆய்வாளர்கள் நெடுங்காலமாகவே அறிந்திருந்தார்கள். எல்லா ஆவணங்களிலும் காணப்படும் சொல்லைவிடச் சிலவற்றில் மட்டுமே வரும் சொல்லுக்கு எடை கூட வேண்டும் என்று பிரிட்டிஷ் கணினி அறிவியலாளர் காரென் ஸ்பார்க் ஜோன்ஸ் 1972ஆம் ஆண்டிலேயே முன்மொழிந்தார். அந்த வழியில் வளர்ந்த, தேடலுக்கு ஓர் ஆவணம் எவ்வளவு பொருந்துகிறது என்று மதிப்பிடும் பிஎம்25 என்னும் சூத்திரத்தில், ஒரு சொல் திரும்ப வரும் ஒவ்வொரு முறையும் அதனால் கூடும் மதிப்பு குறைந்துகொண்டே வந்து ஓர் எல்லையில் ஏறக்குறைய நின்றுவிடுகிறது. பன்னிரண்டாவது முறை எழுதுவதில் கிடைக்கும் ஆதாயம் சொற்பம். வாசிப்பவருக்கு ஏற்படும் எரிச்சலோ முழு அளவில் இருக்கிறது.

வாசகர் கண்ணில் படாமல், பக்கத்தின் நிரலில் உள்ள தலைப்பகுதியில் தேடுசொற்களை அடுக்கும் மெட்டா கீவேர்டு குறியைத் தரவரிசைக்குப் பயன்படுத்துவதில்லை என்று கூகுள் 2009 செப்டம்பரில் வெளிப்படையாகவே அறிவித்தது. அதை நிரப்பச் சொல்லும் கட்டம் உங்களில் சிலருடைய படிவங்களில் இன்னும் இருப்பது வியப்பளிக்கிறது. தேடுசொற்களைத் திணிப்பதை, தேடல் முடிவுகளை ஏமாற்றும் உத்திகளுக்கு எதிரான கூகுளின் ஸ்பேம் கொள்கை பெயர் சொல்லியே கண்டிக்கிறது. மீறும் பக்கங்கள் பின்தள்ளப்படலாம், முடிவுகளில் வராமலும் போகலாம். இயல்புக்கு மாறாக ஒரே தொடரைத் திரும்பச் சொல்வதையும், ஊர்ப்பெயர்களை வரிசையாக அடுக்குவதையும் அது எடுத்துக்காட்டுகளாகத் தருகிறது. பெரிய பெயர் என்பதும் காப்பாகாது: தேடுபொறிக்காகவே தேடுசொற்களை நிரப்பி உருவாக்கிய வாசல் பக்கங்களுக்காக, பிஎம்டபிள்யூ நிறுவனத்தின் ஜெர்மன் தளத்தையே 2006ஆம் ஆண்டில் கூகுள் சில நாட்களுக்குத் தன் முடிவுகளிலிருந்து நீக்கியது.

எழுதுபவர்கள் தரப்பிலும் குறை இருக்கிறது. தேடுசொல் என்றாலே முகம் சுளித்து, சிறுநீரகக் கல் பற்றிய கட்டுரைக்கு 'உடலின் மௌன மொழி' என்று தலைப்பிடுபவர்களை நான் ஆதரிக்கவில்லை. மக்கள் 'சர்க்கரை நோய்' என்று தேடும்போது, கட்டுரை முழுவதும் 'நீரிழிவு' என்று மட்டுமே எழுதுவதும் வாசகரைக் கைவிடுவதுதான். தலைப்பிலும் தொடக்கப் பத்தியிலும் பொருத்தமான உட்தலைப்பிலும் வாசகரின் சொல் இருக்க வேண்டும். அதன்பின் விளக்கம் எப்படிக் கேட்கிறதோ அப்படி எழுத விட்டுவிடலாம். பொருளை நேர்மையாகப் பேசும் கட்டுரைக்குள் அதன் தொடர்புச் சொற்கள் தாமாகவே வந்துவிடும்.

ஆகவே பணிக்குறிப்பில் எண்ணிக்கை இருந்த இடத்தில், இப்பக்கத்துக்கு வருபவர் எந்தக் கேள்வியோடு வருகிறார், படித்து முடித்ததும் அவரால் என்ன செய்ய முடிய வேண்டும் என்ற இரண்டு வரிகளை எழுதுங்கள். ஏற்கெனவே வெளியான பக்கங்களுக்கு எந்தெந்தத் தொடர்களைத் தேடி மக்கள் வந்தார்கள் என்பது தள உரிமையாளர்களுக்குக் கூகுள் தரும் சர்ச் கன்சோல் என்னும் கருவியில் கிடைக்கிறது. அந்தப் பட்டியலை எழுத்தாளருக்கும் கொடுங்கள். ஒரே செய்தியை ஊர்ப்பெயரை மட்டும் மாற்றி நூறு பக்கங்களாக்கச் சொல்லாதீர்கள். பக்கத்துக்குள் இலவசமாக எதுவும் இல்லாதபோது தலைப்பில் 'இலவசம்' என்று போடச் சொல்வதை நான் திணிப்பைவிட மோசமானதாகவே கருதுகிறேன், ஏனெனில் அது பொய்.

படத்தில் இருப்பதைச் சொல்லப் படத்தோடு இணைக்கப்படும் மாற்று உரையையும் இதில் சேர்த்துக்கொள்ளுங்கள். பார்வையற்றவரின் திரைவாசிப்பான் அதைச் சத்தமாகப் படிக்கிறது. படத்தில் இருப்பது என்ன என்று கேட்கக் காத்திருப்பவருக்கு, 'சிறந்த முதுகு வலி சிகிச்சை, மலிவான முதுகு வலி சிகிச்சை' என்ற ஒப்பாரிதான் கிடைக்கிறது. முதுகெலும்பின் கீழ்ப்பகுதியைக் காட்டும் வரைபடம் என்று எழுத எந்த எழுத்தாளருக்கும் கூடுதல் நேரம் ஆகாது. குறிப்பில் அதற்கு அனுமதி இருந்தால் போதும்.

இப்படிக்கு,
இணையதளங்களுக்கு எழுதித் தரும் ஒருவர்