பத்து வருஷத்துக்கு மட்டும் ஒரு சர்வாதிகாரி?

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

சென்ற வாரம் வாசகர் கடிதப் பகுதியில் ஒருவர், 'இந்த நாட்டுக்குப் பத்து ஆண்டுகளாவது ஒரு சர்வாதிகாரி வேண்டும், அப்போதுதான் உருப்படும்' என்று எழுதியிருந்தார். அவர் மேல் எனக்குக் கோபம் இல்லை. பாலக்கோடு பஸ் ஸ்டாண்டு டீக்கடையில் தினமும் காதில் விழுகிற பேச்சுதான். தக்காளி விலை விழுந்து, பறிகூலிக்கும் கட்டாமல் பெட்டி பெட்டியாக ரோட்டோரம் கொட்டுகிற நாட்களில் இன்னும் சத்தமாகக் கேட்கும். 'ஹிட்லர் மாதிரி ஒருத்தன் வந்து நாலு பேரை நிக்க வைச்சுச் சுட்டா எல்லாம் சரியாயிடும்.' அந்த நாலு பேரில் தான் இருக்கமாட்டோம் என்பது மட்டும் சொல்கிறவருக்கு எப்படியோ உறுதியாகத் தெரிந்திருக்கிறது.

நான் சரித்திரம் படித்தவன் இல்லை. நாற்பது வருஷம் டைப்ரைட்டிங் சொல்லிக் கொடுத்தவன். இந்தப் பக்கத்தில் கோர்ட்டுக்கும் தாலுகா ஆபீஸுக்கும் வேலைக்குப் போன பலர் என்னிடம் படித்து டைப்பிங் பரீட்சையில் லோயர், ஹையர் பாஸ் செய்தவர்கள். கம்ப்யூட்டர் வந்து பையன்கள் குறைந்த பிறகு, கடையில் உட்கார்ந்து படிக்க நேரம் நிறையக் கிடைத்தது. நூலகத்திலிருந்து எடுத்து வந்ததில் பாதி சர்வாதிகாரிகளைப் பற்றியவை. ஏன் அந்த ஆசை என்பதைப் பின்னால் சொல்கிறேன்.

முதலில் அந்தப் பத்து ஆண்டு விஷயம். ஹிட்லர் பத்துகூடக் கேட்கவில்லை, நாலுதான் கேட்டார். 1933 ஜனவரி 30ஆம் தேதி ஜெர்மன் ஜனாதிபதி ஹிண்டன்பர்க் கையெழுத்துப் போட்டுத்தான் அவர் சான்சலர், அதாவது அரசாங்கத் தலைவர் நாற்காலிக்கு வந்தார். சுதந்திரமாக நடந்த எந்தத் தேர்தலிலும் அவர் கட்சிக்குப் பெரும்பான்மை கிடைத்ததில்லை. அதிகபட்சம் 1932 ஜூலையில் 37 சதவீதம். ஆளைக் கைக்குள் வைத்துக்கொள்ளலாம் என்று நம்பி மற்ற வலதுசாரித் தலைவர்கள்தான் உள்ளே விட்டார்கள். பிப்ரவரி 27 இரவு நாடாளுமன்றக் கட்டடம் எரிந்தது. மறுநாளே பேச்சு, எழுத்து, கூட்டம் என்று எல்லா உரிமையையும் நிறுத்திவைத்து ஓர் அவசர உத்தரவு. அவர் சாகும்வரை அது வாபஸ் ஆகவில்லை. மார்ச் 23ஆம் தேதி, நாடாளுமன்றத்தைக் கேட்காமலே அரசு சட்டம் போடலாம் என்ற மசோதா ஓர் இசைநாடக அரங்கில் வாக்கெடுப்புக்கு வந்தது. உள்ளேயே அவர் கட்சியின் பழுப்புச் சட்டை அடியாட்கள் நின்றுகொண்டிருந்தார்கள். கம்யூனிஸ்ட் உறுப்பினர்கள் சிறையிலோ தலைமறைவாகவோ இருந்தார்கள். ஆதரவு 444, எதிர்ப்பு 94. எதிர்த்தது சோஷியல் டெமாக்ரட் கட்சி ஒன்றுதான்.

அந்தச் சட்டத்திலேயே நாலு வருஷக் கெடு எழுதியிருந்தது. 1937இல் நீட்டித்தார்கள். 1939இல் நீட்டித்தார்கள். 1943இல் அவரே ஓர் உத்தரவு போட்டு நீட்டிக்கொண்டார். நான் டைப் அடித்துக் கொடுத்த வாடகை ஒப்பந்தங்கள் பலவற்றுக்கும் இதே கதிதான். பதினோரு மாதம் என்று போடுவோம், ஆள் பதினோரு வருஷம் இருப்பான்.

சரி, அத்தனை கோடி பேர் ஏன் வாயை மூடிக்கொண்டு இருந்தார்கள்? நான் கண்ணால் பார்த்த ஒன்றைச் சொல்கிறேன். 1975இல் இந்திரா காந்தி கொண்டுவந்த எமர்ஜென்சியை ஹிட்லர் ஆட்சியோடு வைத்து நிறுக்கவில்லை. 1977 மார்ச்சில் தேர்தல் நடந்தது, பிரதமரே ரேபரேலியில் தோற்றார், ஆட்சி மாறியது. ஆனால் பயம் எப்படி வேலை செய்யும் என்று தெரிந்துகொள்ள எனக்கு அந்த 21 மாதமே போதுமாக இருந்தது.

1976 ஜனவரி 31ஆம் தேதி தமிழ்நாட்டில் ஆட்சியைக் கலைத்தார்கள். விசாரணை இல்லாமலே உள்ளே வைக்கிற மிசா சட்டத்தில் ஆட்களைப் பிடித்துக்கொண்டிருந்தார்கள். எனக்கு அப்போது 19 வயது. ஓர் இன்ஸ்டிடியூட்டில் பையன்களுக்குச் சொல்லிக் கொடுத்துக்கொண்டு, ஜாப் டைப்பிங்கும் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு நாள் சாயங்காலம், எங்களுக்குப் பழக்கமான கட்சிக்காரர் ஒருவர் கையால் எழுதிய அரைப்பக்கத் தாளோடு வந்தார். உள்ளே போனவர்களின் பெயர், அவர்கள் குடும்பத்துக்கு உதவி கேட்டு நாலு வரி, அவ்வளவுதான். மெழுகுத் தாளில் டைப் அடித்து ஸ்டென்சில் வெட்டி, அதை வைத்து நூறு பிரதி சைக்ளோஸ்டைல் போட வேண்டும். இன்ஸ்டிடியூட் சார் தாளைக் கையில் வாங்கவே இல்லை. 'மெஷின் ரிப்பேருங்கண்ணா' என்றார். பின்னால் எட்டு மெஷினும் தடதடவென்று ஓடிக்கொண்டிருந்தன. வந்தவர் அவற்றை ஒரு பார்வை பார்த்தார், தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு போய்விட்டார்.

கடை சாத்தினதும் சார் பழைய ஸ்டென்சில் கட்டை இறக்கினார். வேலை முடிந்த ஸ்டென்சிலை மை ஒற்றி, செய்தித்தாளுக்கு நடுவில் வைத்து அடுக்கியிருப்போம். மறுபடி பிரதி வேண்டுமென்றால் உதவும். ஒவ்வொன்றாகக் குண்டு பல்புக்கு நேரே தூக்கிப் பிடித்துப் படித்தார். வெட்டிய எழுத்து வெளிச்சத்தில் தெளிவாகத் தெரியும். மாரியம்மன் பண்டிகை நோட்டீஸ், பள்ளிக்கூடக் கேள்வித்தாள், சங்கக் கூட்ட அழைப்பு. வில்லங்கமாக ஒன்றுமே இல்லை. இருந்தும் மொத்தத்தையும் பின்கட்டில் போட்டுக் கொளுத்தினார். மெழுகுத் தாள் எரிகிற புகையில் இரண்டு பேருக்கும் கண்ணில் தண்ணீர். 'கோயில் நோட்டீஸ் எதுக்குங்க சார்?' என்று கேட்டேன். 'உனக்குத் தெரியாது தம்பி, சும்மா இரு' என்றார். அடுத்த வாரம் சுவரில், பிரதமர் படத்தோடு 20 அம்சத் திட்டம் தொங்கியது. மாட்டச் சொல்லி யாரும் வரவில்லை. அந்த 21 மாதமும் எங்கள் கடைக்குள் ஒரு போலீஸ்காரர்கூடக் காலெடுத்து வைக்கவில்லை. சார் நல்ல மனுஷர். ஃபீஸ் கட்ட முடியாத பையனை ஒருநாளும் வெளியே அனுப்பியதில்லை. அதனால்தான் அந்தப் புகை இன்னும் மறக்கவில்லை.

ஹிட்லரின் ரகசியப் போலீஸான கெஸ்டபோ தெருவுக்குத் தெரு நின்றது என்றுதான் நானும் நினைத்திருந்தேன். நாட்டின் ஜனத்தொகைக்கு அது சின்னப் படை. பக்கத்து வீட்டுக்காரரும் கூட வேலை செய்கிறவரும் எழுதிப் போட்ட புகார்கள்தான் அதற்குப் பெரிய துணை. வரப்புத் தகராறுக்கு மொட்டைக் கடுதாசி எழுதுகிற நம் ஊரில் இதை விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை.

சோவியத் ரஷ்யாவில் ஸ்டாலின் வந்தது ஆபீஸ் வேலை வழியாக. 1922இல் கம்யூனிஸ்ட் கட்சியின் பொதுச் செயலாளர் ஆனார். மற்றவர்கள் மேடையில் முழங்கிக்கொண்டிருந்தபோது, யாரை எந்த ஊரில் எந்தப் பதவியில் போடுவது என்பதை அவர் ஆபீஸ் பார்த்துக்கொண்டது. நோயில் படுத்திருந்த தலைவர் லெனின், இவரை அந்தப் பதவியிலிருந்து மாற்றுங்கள் என்று உதவியாளரிடம் சொல்லி எழுதவைத்தார். மாற்றவில்லை.

தக்காளிக்காரர்கள் இதைக் கேட்க வேண்டும். 1932 ஆகஸ்ட் 7ஆம் தேதி அந்த ஆட்சி ஒரு சட்டம் போட்டது. கூட்டுப் பண்ணை வயலில் கதிர் பொறுக்கினாலும் அரசுச் சொத்துத் திருட்டு. பத்து வருஷம் சிறை, இல்லாவிட்டால் மரண தண்டனை. விளைந்ததை அரசாங்கம் அள்ளிக்கொண்டு போனது. உக்ரைனில் விளைவித்தவன் வீட்டிலேயே லட்சக்கணக்கில் பட்டினிச் சாவு. 1933 ஜனவரியில், சோறு தேடி வெளியே போன குடியானவர்களையும் தடுத்து நிறுத்தச் சொல்லி உத்தரவு. அங்கே எந்தப் பத்திரிகையிலும் பஞ்சம் என்று ஒரு வரி வரமுடியாது. இங்கே ரோட்டில் கொட்டினால் மறுநாள் உங்கள் பத்திரிகையில் படம் வருகிறது, கலெக்டரிடம் மனு கொடுக்கிறார்கள். விலை ஏறுகிறதா என்றால் இல்லை, அது வேறு வருத்தம்.

1937இல் அங்கே மக்கள்தொகைக் கணக்கு எடுத்தார்கள். தலைவர் எதிர்பார்த்ததைவிட ஆட்கள் குறைவாக இருந்தார்கள். கணக்கைப் பூட்டிவைத்துவிட்டு, எடுத்த அதிகாரிகளில் சிலரைச் சுட்டுக் கொன்றார்கள். 1939இல் புதிதாக ஒரு கணக்கு. சென்சஸுக்காக வெயிலில் அலைந்த வாத்தியார் நண்பர்களிடம் இதைச் சொன்னால் முதலில் சிரிக்கிறார்கள்.

அதே ஸ்டாலின் 1953 மார்ச் 1ஆம் தேதி அறையைவிட்டு வெளியே வரவில்லை. கூப்பிடாமல் உள்ளே போகக் காவலர்களுக்குப் பயம். பகல் முழுக்கக் கதவையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். ராத்திரி எட்டிப் பார்த்தால் தரையில் பேச்சில்லாமல் கிடக்கிறார். டாக்டர்கள் வந்து சேர மறுநாள் காலை ஆகிவிட்டது. அவருக்கு வழக்கமாக வைத்தியம் பார்த்த பெரிய டாக்டர்கூட அப்போது அவர் உத்தரவிலேயே ஜெயிலில் இருந்தார். 5ஆம் தேதி உயிர் போயிற்று.

இனி என் தொழில் சமாசாரம். ருமேனியாவில் சௌசெஸ்கு ஆட்சி 1983இல், டைப்ரைட்டர் வைத்திருக்கிற ஒவ்வொருவரும் போலீஸில் பதிவு செய்ய வேண்டும் என்று சட்டம் போட்டது. பதிவு செய்தால் மட்டும் போதாது. வருஷா வருஷம் அந்த மெஷினில் அடித்த எழுத்து மாதிரியைக் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும். எங்காவது துண்டு நோட்டீஸ் கிடைத்தால், எந்த வீட்டு மெஷின் என்று ஒத்துப் பார்த்துவிடலாம். இதைப் படித்த அன்று எனக்குச் சாரின் ஞாபகம்தான் வந்தது. அவருக்கு அப்படி ஒரு சட்டமே தேவைப்படவில்லை.

இரண்டு மெஷின் ஒரே மாதிரி அடிக்காது, தொழிலில் இருந்தவர்களுக்குத் தெரியும். ஒன்றில் புள்ளி தாளைத் துளைக்கும், ஒன்றில் கொம்பு சாயும். இந்தக் கடிதத்தை என்னிடம் மிச்சமிருக்கிற ஒரே ரெமிங்டனில்தான் அடித்திருக்கிறேன். இதில் 'ழ' மட்டும் வரியைவிட்டு ஒரு மயிரிழை கீழே இறங்கி நிற்கும். எத்தனை மெக்கானிக் பார்த்தும் சரியாகவில்லை. என் மெஷின் என்று கண்டுபிடிக்க அந்த எழுத்து ஒன்றே போதும். இருந்தாலும் முகவரியைத் தனித்தாளில் வைத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தட்டச்சு ஆசிரியர்,
பாலக்கோடு, தருமபுரி மாவட்டம்.