தெப்பக்குளத்துப் பாட்டிக்கு நன்றி

போன ஞாயிறு சாயங்காலம் மதுரை வண்டியூர் மாரியம்மன் தெப்பக்குளத்துப் படியில் பேத்தியோடு உட்கார்ந்திருந்த அந்தப் பாட்டிக்குத்தான் இந்தப் பதிவு. பேர் கேட்காமல் வந்துவிட்டேன், மன்னிச்சிடுங்க பாட்டி.

எனக்கு வயது 43. வீட்டில், ஆபீஸில், சொந்தபந்தத்தில் யார் எதைக் கேட்டாலும் சரி, சரி என்றே பழகிவிட்டேன். ஹோட்டலில்கூட மற்றவர்கள் சொல்லி முடித்த அப்புறம் "எனக்கும் அதே" என்பதுதான் வழக்கம், எனக்கு என்ன பிடிக்கும் என்று கேட்டால் நிஜமாகவே பதில் தெரியாது.

தண்ணீர் இல்லாமல் பையன்கள் உள்ளே இறங்கி கிரிக்கெட் ஆடிய காலத்திலிருந்து பார்த்த குளம் அது. இப்போது வைகைத் தண்ணீர் நிறைந்து கிடக்கிறது, அதைப் பார்க்கத்தான் வந்தேன். உங்கள் பேத்தி சொட்டாங்கல் ஆடுவதைப் பார்த்து அப்படியே நின்றுவிட்டேன். "ஆடுறியா தாயி?" என்று ஐந்து கல்லையும் என் கையில் கொடுத்தீர்கள். ஒண்ணான், ரெண்டான் தாண்டி, மூணானில் வேண்டுமென்றே கல்லை நழுவவிட்டேன், குழந்தை ஜெயிக்கட்டுமே என்று. உடனே கண்டுபிடித்துவிட்டீர்கள்.

"எதுக்குத் தாயி விட்ட? அவ தோத்தா தோக்கட்டும், நீ ஒழுங்கா ஆடு."

இப்படி என்னிடம் யாருமே சொன்னதில்லை. அடுத்த ஆட்டத்தில் தரையில் கிடந்த நாலு கல்லையும் ஒரே வாரில் வாரி, மேலே போன கல்லையும் சேர்த்துப் பிடித்தபோது வாய்விட்டுக் கத்தினேன். எட்டு வயதில் பள்ளிக்கூட வேப்பமரத்தடியில் கத்திய அதே கத்தல். பேத்தி மூஞ்சியைத் தூக்கிக்கொண்டு "இன்னொரு ஆட்டம்" என்றாள், எனக்கு அது எவ்வளவு சந்தோஷமாக இருந்தது தெரியுமா!

இந்த ஞாயிறு சொந்தக்காரர் வீட்டு விசேஷத்துக்குச் சமைக்கக் கூப்பிட்டார்கள். வரவில்லை என்று சொல்லிவிட்டேன். தெப்பக்குளத்துக்கு வருகிறேன் பாட்டி, பேத்தியையும் கூட்டிட்டு வாங்க.