உன் சித்தப்பாவின் இருமல்

அன்புள்ள மாப்பிள்ளை,

கடிதமே காணோம் என்று நீ பல்லைக் கடிப்பது இங்கே கேட்கிறது. வீட்டில் எல்லோரும் நலம். நம் ‘ஒட்டகம்’ இருக்கிறானே, அவனுக்குப் பேத்தி பிறந்திருக்கிறாள். கழுத்து தப்பித்துவிட்டது, மூக்கு அவனுடையதேதான். சரி, விஷயத்துக்கு வருகிறேன். உன்னால் ஒரு காரியம் ஆக வேண்டும்.

நம் பழைய மில்லைப் பாரம்பரியச் சின்னமாகப் பார்வைக்குத் திறக்கப்போகிறார்கள். வருகிறவர்களுக்கு எந்தக் கதையை எங்கே, எப்படிக் கேட்க வைப்பது என்ற பொறுப்பு என் தலையில் விழுந்திருக்கிறது. ஆளுக்கொரு ஹெட்போன் கொடுத்துவிடலாம் என்றார்கள். எனக்கு மனசு ஒப்பவில்லை. 1952இல் ஆம்ஸ்டர்டாமின் ஸ்டெடலிக் அருங்காட்சியகத்தில் முதன்முதலாக அப்படிக் கொடுத்தபோது, குரல் வானொலி அலையில் வந்ததால் எல்லோர் காதிலும் ஒரே நேரத்தில் ஒரே வாக்கியம் விழுந்தது. கூட்டமே ஓர் ஓவியத்திலிருந்து அடுத்த ஓவியத்துக்கு மொத்தமாக நகர்ந்ததாம். இன்று அந்தத் தொல்லை இல்லை. ஆனாலும் சேர்ந்து வந்த இருவர் காதை அடைத்துக்கொண்டு ஆளுக்கொரு பக்கம் போவதில் என்ன இருக்கிறது? குரலைத் தறிக்குப் பக்கத்திலேயே வைப்போம் என்றேன்.

அப்புறம்தான் அந்தக் கூடத்தின் குணம் தெரிந்தது. வெற்றுச் சுவர், உயரமான கூரை. ஒரு சொல் அடங்கும் முன்பே அடுத்தது அதன்மேல் விழுந்து எல்லாம் குழம்புகிறது. சத்தத்தைக் கூட்டினால் எதிரொலியும் சேர்ந்து கூடுகிறது. பெரிய ஸ்பீக்கரை மறந்துவிட்டு, சின்னதாகப் பலவற்றைக் காதுக்குக் கிட்டே, தாழ்ந்த ஒலியில் வைப்பதுதான் வழி. தூரம் இரட்டித்தால் நேராக வரும் ஒலி சுமார் 6 டெசிபல் குறையும் என்பதால், பக்கத்துத் தறியில் நிற்பவருக்கு இடைஞ்சல் இருக்காது. பொத்தானை அழுத்தினால் மட்டும் பேசும். ஓயாமல் ஓடவிட்டால் காவலுக்கு இருப்பவர் ஒரே கதையை நாள் முழுக்கக் கேட்டு வேலையை விட்டே ஓடிவிடுவார்.

உன் சித்தப்பாவையும் பதிவு செய்தேன். இங்கிலாந்தின் லங்காஷயர் நெசவு மில்களைப் போலவே இங்கும் தறிச் சத்தத்தில் உதட்டசைவில்தான் பேசிக்கொள்வார்களாம். மைக் முன்னால் உதட்டை மட்டும் அசைத்து நீளமாக எதையோ சொல்லிவிட்டு, “புரிஞ்சுதா?” என்று சிரித்தார். யாரைத் திட்டினாரோ!

சிக்கல் அவருடைய இருமல்தான். நாலு வாக்கியத்துக்கு ஒருமுறை வருகிறது. தறிக்கு வருமுன் பல வருஷம் பஞ்சைச் சிக்கெடுக்கும் கார்டிங்கில் இருந்தவர் அல்லவா? “திங்கட்கிழமைதான் நெஞ்சை அடைக்கும், அப்புறம் பழகிடும்” என்கிறார். பஞ்சுத் தூசியால் வரும் பிசினோசிஸ் என்ற நுரையீரல் நோயின் அடையாளமே அதுதான். விடுமுறை முடிந்து தூசிக்குள் திரும்பும் முதல் நாளில்தான் ஆரம்பத்தில் தெரியும். முற்றிவிட்டால் நாள் கணக்கெல்லாம் இல்லை.

குழுவில், இருமலை வெட்டு, இல்லையென்றால் நல்ல குரல் உள்ள யாரையாவது படிக்கச் சொல் என்றார்கள். நான் விடவில்லை. அமெரிக்காவில் 1963இல் மூடிய அல்கட்ராஸ் சிறைக்குள் 1987இலிருந்து ஒலிக்கும் வழிகாட்டியில் பேசுவது அங்கே இருந்த காவலர்களும் கைதிகளும்தான். பயிற்சி பெற்ற குரல் அந்த இடத்தில் நிற்குமா என்று வாதாடினேன். மில் அவர் நெஞ்சில் எழுதிவிட்டுப் போனதை நாம் ஏன் அழிக்க வேண்டும் என்றுகூடச் சொன்னேன் (கொஞ்சம் மேடைப்பேச்சுதான், சிரிக்காதே). அரை மனதாகச் சம்மதித்தார்கள்.

பதிவைப் போட்டுக் காட்டியபோது உன் சித்தப்பாவே, “தம்பி, அந்த இருமலை எடுத்துடு. பேரப் பிள்ளைங்க வந்து கேட்கும்” என்றுவிட்டார்.

என்ன செய்ய? சம்மதக் கடிதத்தில் கையெழுத்துப் போட்டிருக்கிறார். காகிதத்தின்படி நான் அப்படியே வைக்கலாம். ஆனால் குழுவோடு வாதாடியதுபோல அவரோடு வாதாட எனக்கு வாய் வரவில்லை. அவருக்கு அது வெட்கமா, பிள்ளைகள் பயந்துவிடுவார்கள் என்ற கவலையா, வெறுமனே சலிப்பா? என்னிடம் மழுப்புகிறார், உன்னிடம் மழுப்ப மாட்டார். போனில் கேள். என் பக்கம் பேசி அவரை மடக்காதே, வெறுமனே கேள்.

வேண்டாம் என்றால் வெட்டிவிடுகிறேன், முணுமுணுத்துக்கொண்டே. அடுத்த வாரம் ஒலிக்கோப்பை முடித்துக் கொடுக்க வேண்டும், அதனால் வழக்கம்போல் ஆறப்போடாதே.

அன்புடன்,
உன் பழைய பெஞ்ச் கூட்டாளி