கூட்டினால் 14, பெருக்கினால் 45

அன்பு மகனுக்கு,

அப்பா எழுதுகிறேன். குடியாத்தத்தில் எல்லோரும் நலம். போன் அடித்து அடித்து நின்றுவிடுகிறது, அதனால்தான் கடிதம். பேங்க் தேர்வு ரிசல்ட் வந்துவிட்டதாக எதிர்வீட்டுப் பையன் சொன்னான். நான் ஒன்றும் கேட்கவில்லை.

இருபடிச் சமன்பாட்டில் நேரம் போகிறது என்றாயே, எக்ஸ் பெரியதா ஒய் பெரியதா என்று கேட்கும் கணக்கில், முதலில் பிளஸ், மைனஸ் குறியைப் பார். 20 நிமிடத்தில் 35 கேள்வி. உட்கார்ந்து காரணி பிரித்துக்கொண்டிருக்க முடியாது. எக்ஸ் ஸ்கொயர் பிளஸ் 9 எக்ஸ் பிளஸ் 20 என்றால் விடை இரண்டும் மைனஸ். ஒய் ஸ்கொயர் மைனஸ் 7 ஒய் பிளஸ் 12 என்றால் இரண்டும் பிளஸ். ஒய்தான் பெரியது, அடுத்ததற்குப் போ. எக்ஸ் ஸ்கொயர் 49 என்றால் மைனஸ் 7-ம் உண்டு. ரூட் 49 என்றால் 7 மட்டும்தான். தப்புக்குக் கால் மார்க் போகும், தெரியாததைத் தொடாதே. குறியைப் பார்.

நம் தெருவில் பி.எஸ்சி. கணக்கு முடித்தவன் நீ ஒருத்தன்தான். கெங்கையம்மன் சிரசுத் திருவிழாவுக்குக்கூட வராமல் அப்படி என்ன படிப்பு? அம்மா உனக்கென்று தனியாகத் தேங்காய் உடைத்தாள்.

ஒன்று சொல்ல வேண்டும். நீ ஒன்பதாவது படிக்கும்போது, நான் எடுத்த திண்ணை டியூஷனில், கூட்டினால் 14, பெருக்கினால் 45 வரும் கணக்கு. மற்றவர்கள் எண்ணைத் தேடிக்கொண்டிருந்தார்கள். நீ 14-ல் பாதி 7, அதன் ஸ்கொயர் 49, 45 போக 4, அதன் ரூட் 2, ஆகவே 7-ல் 2 கூட்டி 9, கழித்து 5 என்று இரண்டே வரியில் முடித்துவிட்டாய். நான் சிவப்பு மையால் குறுக்கே அடித்தேன். "முறை எங்கடா?" என்று எல்லார் முன்னாலும் திட்டினேன். முறை சரிதான். எனக்குத்தான் அந்த நேரத்தில் பிடிபடவில்லை. பசங்க எதிரில் அதைச் சொல்ல வாய் வரவில்லை. ராத்திரி நீ தூங்கியதும் போட்டுப் பார்த்தேன், சரியாக வந்தது. 2019-ல் அமெரிக்கக் கணிதப் பேராசிரியர் போ-ஷென் லோ இதே வழியைப் பரப்பியபோதும் உன்னிடம் மூச்சுவிடவில்லை. அன்றைக்கப்புறம் நீ என் எதிரில் கணக்கு நோட்டைத் திறந்ததே இல்லை. அதுவும் எனக்குத் தெரியும்.

செலவுக்கு ஆயிரம் போட்டிருக்கிறேன். ஞாயிறு வந்துவிட்டுப் போ. எந்த ரயில் என்று மட்டும் சொல், ஸ்டேஷனுக்கு வண்டி எடுத்து வருகிறேன். தேர்வுப் பேச்சு எடுக்க மாட்டேன்.

அப்பா